2012 லேப்டாப், 3 ஜிபி ஐபேட், ஒரு புல்லாங்குழல்

மோகனத்தில் நானே போட்ட நாலு நிமிட மெட்டு ஒன்று. குழல் மூன்று ட்ராக், தம்புரா, மிருதங்கம், வயலின் கூட்டம், பின்னால் இழைய இரண்டு சிந்த் (மென்பொருளே உருவாக்கும் மின்னணு ஒலி). இதைப் பழைய லேப்டாப்பிலும் ஐபேடிலும் தனித்தனியாக முழுசாகச் செய்து பார்ப்பது என்று மூன்று வாரம் முன்பு உட்கார்ந்தேன். ஐபேட் பையனுடைய ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது, 9ஆம் தலைமுறை. வகுப்பு முடிந்தது, அலமாரியில் கிடந்தது.

லேப்டாப் 2012 மாடல். இன்டெல் கோர் ஐ5-3320எம், இரண்டு கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ். ராமை 16 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டியும் மாட்டி வைத்திருக்கிறேன். பதிவும் மிக்ஸும் செய்யும் மென்பொருள் ரீப்பர். ஐபேடில் ஏ13 சிப், ராம் வெறும் 3 ஜிபி.

லேப்டாப்பின் வயசு எப்போது தெரிகிறது என்றால், குழலை ஊதிக்கொண்டே அதே ஒலியை ரிவெர்ப் (பெரிய அறையில் ஊதுவதுபோன்ற முழக்கம்) சேர்த்து ஹெட்போனில் கேட்கும்போது. பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவை, 512 சாம்பிள் வைத்தால் ஓடுகிறது. ஆனால் 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள்) 512 சாம்பிள் என்பது 11.6 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 23 மில்லிசெகண்ட் ஆகிவிடும். ஒலி அந்த நேரத்தில் காற்றில் எட்டு மீட்டர் போய்விடும். அதாவது எட்டு மீட்டர் தள்ளி இன்னொருவர் நின்று என்னைப் பார்த்து ஊதுவதுபோல் இருக்கிறது. நேர் சுரத்தில் சமாளிக்கலாம். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது) பிடித்தால், நான் போய்ச் சேர்ந்த பிறகு ஹெட்போன் கிளம்புகிறது.

சரி, 128க்கு இறக்கலாம் என்றால் படபடவென்று வெடிக்கிறது. சிபியு மீட்டரைப் பார்த்தால் 55 சதவீதம்தான். இது எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. மீட்டர் காட்டுவது சராசரி. ஆனால் 128 சாம்பிளில் ஒவ்வொரு 2.9 மில்லிசெகண்டுக்கும் ஒரு கெடு இருக்கிறது, ஒரே ஒரு முறை தவறினாலும் காதுக்குத் தெரியும். அதோடு ஒரு ட்ராக்கில் வரிசையாக மாட்டிய ப்ளகின்கள் (ரிவெர்ப் போன்ற துணை மென்பொருள்கள்) ஒன்று முடித்துத்தான் அடுத்ததிடம் கொடுக்க முடியும். அதனால் நேரலையாக ஊதுகிற அந்த ஒரு ட்ராக்குக்கு எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு. வைஃபையை அணைத்து, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்ததும் வெடிப்பு பாதியாகக் குறைந்தது. பழைய லேப்டாப்பில் பதிவு செய்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் செய்து பாருங்கள், காசு செலவில்லை.

அப்புறம் அந்த ஃபேன். மந்தர ஸ்தாயியில் மெதுவாக ஊதும்போது மைக்கில் அதுவும் சேர்ந்து சுருதி பிடிக்கிறது.

இரண்டாவது வாரம் ஐபேடுக்கு வந்தேன். மைக்கை இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸை நேராக மாட்ட முடியாது. லைட்னிங் கேமரா அடாப்டர் வேண்டும், அதற்குப் பக்கவாட்டில் சார்ஜரும் வேண்டும், இல்லையென்றால் இன்டர்ஃபேஸுக்குக் கரண்ட் போதாது. கையில் கிடைத்த மலிவு சார்ஜரைச் செருகியதும் ஹெட்போனில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். தம்புராவோடு சேர்ந்தால் இன்னொரு தம்புரா. சார்ஜருக்குப் பதில் பவர் பேங்க் போட்டேன், சத்தம் நின்றுவிட்டது.

பஃபர் 128, ரிவெர்ப் உண்டு, வெடிப்பு இல்லை. குழலின் கூடவே ஒலி வருகிறது. இரண்டு கருவிக்கும் கிடைக்கிற ஒரே சிந்த் ப்ளகினை ஏற்றிக்கொண்டே போய்ப் பார்த்தேன். லேப்டாப் ஆறாவதில் திணறியது. ஐபேட் பதினாறாவதில்தான் முதல் 'படக்' சொன்னது. இத்தனைக்கும் அதில் ஃபேனே கிடையாது. மடியில் வைத்திருந்தால் லேசாகச் சுடும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது அடாரி எஸ்டி நினைவுக்கு வருகிறது. 1985இல் வந்த கணினி, 8 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், உடம்பிலேயே மிடி போர்ட் (மின்னணு வாத்தியங்களோடு பேசும் இணைப்பு). அதை வைத்துக்கொண்டு ஸ்டுடியோக்கள் வருஷக்கணக்கில் வேலை செய்தன. எப்படி முடிந்தது? அது ஒலியைத் தொடவே இல்லை. எந்தச் சுரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்று கீபோர்டுகளுக்குச் சொன்னதோடு சரி. ரிவெர்ப், ஈக்யூ எல்லாம் கணினிக்குள் புகுந்த பிறகுதான் நமக்கு இந்தப் பஞ்சம்.

நான் ஐபேட் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைத்த அன்றுதான் மிருதங்கத்தையும் வயலின் கூட்டத்தையும் ஏற்றினேன். இரண்டுமே சாம்பிள் வாத்தியங்கள், அதாவது நிஜ வாத்தியத்தின் பதிவுத் துண்டுகளை வைத்து ஒலிப்பவை, நினைவகத்தை விழுங்குபவை. வயலினில் இரண்டாவது அடுக்கு சேர்த்ததும் பதிவு செய்யும் ஆப் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி மூடல். ப்ராசஸர் பாவம் சும்மா உட்கார்ந்திருந்தது, தீர்ந்துபோனது ராம். லேப்டாப்பில் ராம் நிறைந்தால் எஸ்எஸ்டியில் கொஞ்சம் இறக்கி வைத்துத் தவழ்ந்தாவது போகும். ஐபேடில் அந்த வசதி ஐபேட்ஓஎஸ் 16இல்தான் வந்தது, அதுவும் எம் வரிசை சிப் உள்ள மாடல்களுக்கு. ஏ13க்கு இல்லை. ட்ராக்கை ஃப்ரீஸ் செய்து ஒலிக் கோப்பாக மாற்றி மாற்றி ஒருவழியாக ஓட்டினேன். ஆனால் வயலினில் ஒரு சுரத்தைத் திருத்த ஐந்து நிமிடம் என்றால் எனக்குப் பொறுமை இல்லை. அதே வாத்தியங்கள் லேப்டாப்பின் 16 ஜிபியில் சிரமமே இல்லாமல் உட்கார்ந்தன.

ஆக இப்போது வேலையைப் பிரித்துவிட்டேன். மிருதங்கமும் வயலினும் லேப்டாப்பில் தயாராகி ஒரே ஸ்டீரியோ கோப்பாக ஐபேடுக்குப் போகிறது. குழலும் சிந்த்தும் ஐபேடில். பிறகு எல்லா ட்ராக்கையும் முதல் பாரிலிருந்தே தொடங்குவதுபோல் ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் லேப்டாப்புக்குக் கொண்டுவந்து ரீப்பரில் மிக்ஸ். மிக்ஸ் செய்யும்போது பஃபர் 1024 இருந்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்? பழைய கோர் ஐ5 நிம்மதியாக ஓடுகிறது.

நேற்று சரணத்துக் குழலைப் பதிவு செய்தேன். லேப்டாப் ஃபேன் சத்தம் போனதும் அதுவரை மறைந்திருந்த சீலிங் ஃபேன் மைக்கில் தெளிவாகக் கேட்கிறது. அதையும் நிறுத்தி ஊதினால் பத்து நிமிடத்தில் விரல் வியர்த்துத் துளையில் வழுக்குகிறது. நாளைக்கு விடியற்காலை நாலரைக்கு எழுந்து முயற்சி செய்வதாக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் இன்னும் சொல்லவில்லை.