தூண் இறக்குவதற்கு முன்: கண்டனூர்க் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

14ஆம் தேதி எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துத் தூண் இறக்குகிறார்கள். பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று.

அதற்குள் முகப்பு, வளவு (முற்றமும் சுற்றுப் பத்தியும்), இரண்டாங்கட்டு என்று வரிசை தப்பாமல் படம் எடுக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் முதல் படம் நிலைவாசலிலிருந்து. பிறகு நான்கு மூலை, தரை, கூரை. தனித்தனித் தூணாக அழகு பார்த்து எடுத்தால், எது எந்தக் கட்டில் நின்றது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பர்மாத் தேக்கு, ஒரே கடைசல்.

ஜூன் 4

வளவில் பத்து மணிக்கு மேல் ஒன்றும் ஆகாது. முற்றம் வெளுத்து, பத்தி கருத்துப்போகிறது. காலை ஏழு முதல் எட்டரைதான் நேரம். கைப்பேசியின் அகல லென்ஸில் ஓரத்துத் தூண்கள் சாய்கின்றன; பின்னால் தள்ளி நின்று சாதா லென்ஸ்.

ஜூன் 5

சட்டம் போட்ட பழைய ரங்கூன் புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது.

ஜூன் 6

ஏழு பேர். இடது ஓரத்துப் பையனின் முகத்தில்தான் ஒட்டல். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஆவி காட்டு, தண்ணீரில் போடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூடவே கூடாது. கண்ணாடியோடு எடுப்பதுதான் வழி.

துணியை ஒட்டப் பிழிந்து கண்ணாடியைத் துடைத்தேன். தெளிப்பானில் அடித்தால் நீர் சட்டத்துக்குள் இறங்கும். படத்தைத் தரையில் கிடத்தி, மேலே கேமரா. படத்தின் நடுவில் சின்ன முகக்கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும்: லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா மட்டம். இரண்டு விளக்கு, இருபுறமும் ஒரே தூரம், 45 டிகிரி. கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு முன்னால் கட்டாவிட்டால் கேமராவே கண்ணாடியில் விழும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா ஃபைல், 2 வினாடி டைமர். ஓரத்தில் அளவுகோல்.

ஒன்பதாவது தடவைதான் பையனின் கண் தெளிந்தது. ஒரு கண்.

ஜூன் 8

பின்பலகையை மட்டும் கழற்றியதில் அட்டையின் முதுகில் பென்சில் எழுத்து. நேர் வெளிச்சத்தில் ஒன்றுமில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, நான்கு திசைக்கும் ஒரு படம் எடுத்ததும் எழுந்து வந்தது: ஸ்ரீமுக வருஷம், தை. ஸ்ரீமுக 1933 சித்திரையில் பிறந்தது, ஆகவே தை என்றால் 1934. இங்கேதான் எல்லாரும் ஒரு வருஷம் பிசகுகிறார்கள்.

கீழே ஆறு விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை. படத்தில் ஏழு பேர்.

ஜூன் 9

வெறும் பெயரை எழுதிவைத்துப் பயனில்லை. ஐயா பெயர் பேரனுக்குப் போகிற வழக்கத்தில் ஒரே பெயர் தலைமுறை தாண்டித் திரும்பித் திரும்பி வரும். விலாசத்தோடு எழுதினால்தான் ஆள் யாரென்று நிற்கும். பித்தளைத் தவலைகளில் வெட்டியிருக்கும் விலாசங்களையும் எடுத்தாயிற்று, அதே பக்கவாட்டு வெளிச்சத்தில். புளி போட்டுத் துலக்கிவிட்டு எடுக்கலாம் என்றார்கள், தடுத்துவிட்டேன். வெட்டு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது.

ஜூன் 11

பெரியவர்களிடம் காட்டும்போது நாமாகப் பெயர் சொல்லக்கூடாது. சொன்னால் “ஆமாம், அவன்தான்” என்றுவிடுவார்கள். பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுத்து, ரெக்கார்டரைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

ஆயா (பாட்டி) அந்தப் பையன் மேல் விரலை வைத்தார்கள். நாலு நிமிஷம் பதிவில் ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் மட்டும்.

ஜூன் 12

இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று இன்றே மதுரைக்குப் போகிறது.

ஜூன் 13

லாரி வந்துவிட்டது. முகப்பு நிலை மேல் கஜலட்சுமி, 6 வினாடி எக்ஸ்போஷர். ஆட்கள் நடக்கிற அதிர்வில் முக்காலி ஆடுகிறது. ஆயா கூப்பிடுகிறார்கள், அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி.