முயலின் காதுக்குள் படிந்த பொருக்கு

எங்கள் வேளச்சேரி வீட்டு முயல் ஓயாமல் தலையை உதறியபோது, ஈரக்காற்றின் தொல்லை என்றே நினைத்தேன். காதை விரித்துப் பார்த்த பிறகுதான், அடுக்கடுக்காகப் படிந்திருந்த பழுப்புநிறப் பொருக்கு சொரோப்டெஸ் என்னும் நுண்ணிய சொறி உண்ணியின் வேலை என்று புரிந்தது. அதைப் பிய்த்தெடுக்கக் கூடாது. முயலுக்குக் கடுமையாக வலிக்கும், மருந்து வேலை செய்தால் தானாகவே உதிர்ந்துவிடும். நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் என்னும் உண்ணி மருந்தை முயலுக்கு இடுவது உயிருக்கே ஆபத்து.

குட்டிகளிடம் நான் பெரிதும் அஞ்சுவது காக்சிடியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியால் வரும் நோய்க்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டு ஈரமாகவே கிடந்தால், புழுக்கையோடு வெளிவரும் அந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் சில நாள்களிலேயே தொற்றும் நிலையை அடைகின்றன. பால் மறந்த குட்டி வயிறு உப்பிக் கழிந்தால், 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அன்றே கொண்டு செல்வேன். தும்மலோடு முன்னங்கால் மயிர் சளியால் சடைபிடித்திருந்தால், பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். அந்த முயலை உடனே தனிக்கூண்டுக்கு மாற்றுகிறேன்.