மறைக்கக் கடினமானது பிடிதான்

தனிப் பாதுகாப்புப் பணியில் எங்களுக்குச் சீருடை கிடையாது. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு உதவியாளராகவோ, உடன் வந்த உறவினராகவோ தெரிந்தால் போதும். இடுப்பில் பிஸ்டல் இருப்பது உடன் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: முழு அளவு பிஸ்டல் எடுப்பதா, சற்றுச் சிறியதான காம்பாக்ட் எடுப்பதா? கேட்கும்போதே அவர்கள் கண் குழலின் நீளத்தை அளந்துகொண்டிருக்கும். நான் பிடியைப் பார்க்கச் சொல்வேன்.

இடுப்புப் பட்டைக்கு உட்புறம் உறை வைத்துச் சுமக்கும்போது குழல் கால்சட்டைக்குள் இறங்கி உடலோடு ஒட்டிக்கொள்கிறது. அது ஓரிரண்டு சென்டிமீட்டர் கூடினாலும் வெளியே யாருக்கும் தெரிவதில்லை. பிடியோ பட்டைக்கு மேலே, உடலுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும்வரை சட்டை அதை மூடியிருக்கும். வண்டியின் பின்பெட்டியிலிருந்து ஒரு பெட்டியை எடுக்கக் குனிந்தால் முதுகுப்புறத் துணி இறுகி, பிடியின் அடிமுனை அப்படியே துணியில் பதிந்துவிடும். இப்படி ஒருமுறை என்னுடன் பணியாற்றிய ஒருவர் குனிந்தபோது, பக்கத்தில் நின்ற சிறுவன் அந்த முனையையே உற்றுப் பார்த்தான். குழந்தைகளின் கண் நம் இடுப்பின் உயரத்தில் இருக்கிறது. பெரியவர்கள் கவனிக்காததை அவர்கள் கவனித்துவிடுவார்கள்.

எங்கள் துறையில் பரவலாக இருக்கும் இரண்டு துப்பாக்கிகளையே எடுத்துக்கொள்வோம். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த க்ளாக் 17 முழு அளவு. அதன் குழல் 114 மி.மீ., மேகசினோடு (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) உயரம் 139 மி.மீ., கொள்ளளவு 17 தோட்டாக்கள். 1988இல் வந்த க்ளாக் 19 காம்பாக்ட். குழல் 102, உயரம் 128, தோட்டாக்கள் 15. உயரத்தில் 11 மி.மீ.தான் வித்தியாசம், ஒரு விரலின் தடிமன்கூட இல்லை. ஆனால் அந்த 11 மி.மீ. பிடியின் அடியில் குறைகிறது, சட்டையைக் குத்தும் இடத்தில். குழலில் குறைந்த 12 மி.மீ. மறைப்பதற்கு அவ்வளவு உதவுவதில்லை. 9 மி.மீ. தோட்டாவின் வேகமும் அதனால் சிறிதளவே குறைகிறது.

சொல்லப்போனால், நீளமான குழல் சில சமயம் நன்மையே செய்கிறது. பட்டைக்குக் கீழே நீளம் இருந்தால் பிஸ்டலின் மேற்பகுதி வெளிப்பக்கம் சாயாமல் உடலோடு அழுந்தி நிற்கும். 2018இல் வந்த க்ளாக் 19எக்ஸில் முழு அளவுப் பிடியும் குட்டையான குழலும் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் புதிய பிஸ்டலுக்கான போட்டிக்கென உருவான வடிவம் அது. வெளிப்படையாக உறையில் தொங்கவிடுகிறவருக்கு அது வசதிதான். சட்டைக்கு அடியில் சுமக்கிறவருக்கு அந்தச் சேர்க்கை தலைகீழானது என்பேன்.

அப்படியென்றால் பிடி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லதா? இல்லை. உருவும்போது முதல் வேலை, இடது கையால் சட்டையைத் தூக்கி வலது கையால் முழுப்பிடி பிடிப்பது. பிஸ்டல் உறையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அந்தப் பிடி சரியாக அமைந்துவிட வேண்டும். க்ளாக் 26 போன்ற மிகச் சிறிய துப்பாக்கியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. அது மேகசினுக்கு அடியில் வெறுமனே மடங்கிக் கிடக்கும். முதல் குண்டு சரியாகப் போகும். அடுத்தடுத்துச் சுடும்போது துப்பாக்கி கைக்குள் மெல்ல நகரும், ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் குறியை மறுபடி தேட வேண்டியிருக்கும். மேகசின் மாற்றும்போது உள்ளங்கைச் சதை இடையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. 2018இல் வந்த சிக் பி365 ஒல்லியான உடலில் 10 தோட்டாக்களை அடக்கியது. எடை ஏறக்குறைய அரைக் கிலோதான். சுமப்பதற்கு அருமையான துப்பாக்கி. ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கையில் கூர்மையாகத் தெரியும். அதற்கேற்ற பயிற்சி அவசியம்.

முழு அளவைச் சுடுவது சுகம் என்பதை மறுக்க மாட்டேன். குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் அதிகம், நான்கு விரலும் நன்றாக உட்காரும், எடை உதைப்பை வாங்கிக்கொள்ளும். ஆண்டு முழுவதும் கோட் அணிந்து பணிபுரிகிறவர் தயங்காமல் அதையே எடுக்கலாம்.

பலர் கோட் அணியும் நாளில் பெரியது, வெறும் சட்டை அணியும் நாளில் சிறியது என்று இரண்டு வைத்துக்கொள்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. நெருக்கடியில் யோசிக்க நேரம் இருக்காது, பழகிய கைதான் வேலை செய்யும். பிடியின் கோணமும் விசையின் அழுத்தமும் உறையின் இடமும் நாளுக்கு நாள் மாறினால் கை எதைப் பழகும்? உங்கள் உடைகளிலேயே எது மிக மெல்லியதோ, அதற்குள் மறைகிற துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எல்லா நாளும் அதையே சுமந்து, அதையே சுட்டுப் பழகுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது க்ளாக் 19 அளவில் வந்து நிற்கும். எனக்கும் அப்படித்தான்.

உறைக்கும் பட்டைக்கும் செலவு செய்யத் தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தொய்வான பட்டையில் எந்தத் துப்பாக்கியும் சாயும், சாய்ந்தால் தெரியும். விசையை முழுவதும் மூடும் விறைப்பான உறைதான் வேண்டும். துணி உறை வேண்டவே வேண்டாம். வாங்குவதற்கு முன் உறையோடு அணிந்து, கார் இருக்கையில் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வேலையில் பாதி நேரம் உட்கார்ந்தேதான் போகிறது. விலாவில் குத்துகிற துப்பாக்கியை மனிதன் தன்னையறியாமல் தொட்டுத் தொட்டுச் சரிசெய்வான். எதிரில் இருப்பவருக்குத் துணியின் புடைப்பைவிட அந்தக் கைதான் முதலில் தெரியும்.

கூடுதல் தோட்டா வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 17இன் நீளமான மேகசின் 19இலும் பொருந்தும். துப்பாக்கிக்குள் குட்டை மேகசினை வைத்துவிட்டு, நீளமானதை இடுப்பின் மறுபக்கம் செருகிக்கொள்ளலாம். மாற்ற வேண்டிய கட்டம் வந்துவிட்டால், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மறைக்க வேண்டிய அவசியம் அப்போது இருக்காது.