அம்மாவின் மாத்திரைப் பையை ஒழுங்கு பண்ணிய கதை

ராயக்கோட்டை பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு மூன்று வழியில் மாத்திரை வந்துகொண்டிருந்தது. சுகருக்கும் பி.பி.க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து கொடுப்பார். (2021 ஆகஸ்ட் 5 அன்று இந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். எங்கள் பக்கத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.) ஓசூரில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்த தனியார் டாக்டர் எழுதிய மாத்திரைகள் இரண்டாவது. முட்டி வலி, கால் வீக்கம் என்று சொல்லி மெடிக்கலில் வாங்கியவை மூன்றாவது. எல்லாம் ஒரே மஞ்சப்பையில் கிடக்கும்.

கொஞ்ச காலமாகவே கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. விடியலில் தக்காளி பறிக்கப் போனால், களி சாப்பிட வீடு திரும்பும் முன்பே கை நடுங்கி உடம்பெல்லாம் வியர்த்துவிடும். வயசு என்றார் ஒருவர், கிட்னி என்றார் இன்னொருவர். பெங்களூருக்கே கூட்டிப் போய்விடலாம் என்றான் தம்பி. நான்காவதாக ஒரு டாக்டரைப் பார்த்து நான்காவது சீட்டு வாங்குவதற்கு முன், இருக்கிற மாத்திரைகளை எல்லாம் ஒருவர் ஒன்றாகப் பார்க்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. பையை அப்படியே எடுத்துக்கொண்டு, அம்மாவோடு மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

காலையில் மருந்து கவுண்டரில் இதைப் பற்றிப் பேசவே முடியாது. ஜன்னலுக்கு வெளியே வரிசை வாசல் வரை நிற்கும். உள்ளே இருப்பவர் சீட்டைப் பார்ப்பாரா, அட்டையை வெட்டுவாரா, சந்தேகத்துக்குப் பதில் சொல்வாரா? "ஓ.பி. கூட்டம் முடிஞ்சதும் வாங்க, உக்காந்து பாக்கலாம்" என்றார் அந்த பார்மசிஸ்ட். சொன்னபடியே செய்தார். நீங்களும் போவதாக இருந்தால் மதியத்துக்கு மேல் போங்கள்.

பையிலிருந்ததை மேசையில் கொட்டச் சொன்னார். டப்பாக்கள், அரை அட்டைகள், பேப்பர் கவருக்குள் உதிரியாகச் சில மாத்திரைகள். ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தார். நடுநடுவே அம்மாவிடம் கேள்வி.

"இது எதுக்கும்மா போடறீங்க?"

"பி.பி.க்கு, கண்ணு."

"அப்ப இது?"

"அதுவும் பி.பி.க்குத்தான். இது வீட்டுக்கு வர்ற பொண்ணு குடுக்கறது, அது ஓசூர் டாக்டர் எழுதுனது. ரெண்டு பேரும் நல்லவங்கதான, யாரு குடுத்தத விடறது?"

அவர் சிரித்துவிட்டு இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அரசு கொடுத்தது அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஓசூரில் எழுதியது டெல்மா ஏஎம். அதற்குள் டெல்மிசார்டனோடு அதே அம்லோடிபின் 5 மில்லிகிராம் இருக்கிறது. ஆக, அம்மா தினமும் இரண்டு பங்கு அம்லோடிபின் போட்டுக்கொண்டிருந்தார். கால் வீங்குவது இந்த மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவு, அளவு கூடினால் வீக்கமும் கூடும் என்றார். சுகரிலும் அதே கதைதான். வீட்டுக்கு வருவது மெட்ஃபார்மின். ஓசூர் சீட்டில் இருந்த கிளைகோமெட் ஜிபியில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் உண்டு. இந்தக் கிளிமிபிரைடைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வயலில் குனிந்து நிமிர்ந்தால் சுகர் இறங்கி நடுக்கமும் வியர்வையும் வரும்.

அவர் முகம் மாறியது அடுத்த குவியலைப் பார்த்தபோதுதான். கால் வீக்கத்துக்கு என்று நீர் பிரியும் மாத்திரை, முட்டிக்கு டைக்ளோஃபினாக். அம்லோடிபினால் வரும் வீக்கம் உடம்பில் நீர் கூடி வருவதில்லையாம், நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வருவதாம். நீர் மாத்திரை அதற்குப் பெரிதாக உதவாது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து. அதைவிட மோசம், டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடலாம் என்று அவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்தார்.

"நான் எதையும் நிறுத்தச் சொல்ல முடியாது. எழுதித் தரேன், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று ஓ.பி. சீட்டின் பின்னால் மருந்துகளின் பெயரும் அளவும் வரிசையாக எழுதிக் கொடுத்தார். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பி.பி. மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று விட்டால் பி.பி. எகிறிவிடும், நாமாக எதையும் நிறுத்த வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார்.

தொற்றா நோய்ப் பிரிவு டாக்டர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு சுகர், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் பார்க்கச் சொன்னார். கிரியாட்டினின் சற்றுக் கூடியிருந்தது. நீர் மாத்திரையையும் வலி மாத்திரையையும் நிறுத்தினார், கிளைகோமெட் ஜிபியை எடுத்தார். மிஞ்சியவை மூன்று: மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அம்லோடிபின். அம்லோடிபின் ஒரு பங்குதான். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, மறுபடி பார்த்ததில் கிரியாட்டினினும் இறங்கியிருந்தது. காலை நடுக்கமும் இல்லை.

அந்தப் பட்டியலோடு ஓசூர் டாக்டரையும் பார்த்தோம். "மொதல்லயே காட்டியிருந்தா இத எழுதியிருக்க மாட்டேனே" என்றார். வேறு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்று முதல் நாள் அவர் கேட்டிருக்கவும் இல்லை. சரி, போகட்டும்.

பார்மசிஸ்ட் சொன்னதில் இரண்டு விஷயம் எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. அட்டையில் பெயரும் காலாவதி தேதியும் அச்சான ஓரத்தைக் கடைசி வரை விட்டுவைத்து, மறுமுனையிலிருந்து மாத்திரையை எடுக்கிறோம். கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்தால், பெயருள்ள துண்டைக் கேட்டு வாங்குகிறோம், இல்லாவிட்டால் அங்கேயே கவரில் எழுதச் சொல்கிறோம். அப்புறம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நோயாளியே புகார் சொல்ல 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறதாம். அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

தன்னார்வலர் அக்காவும் பட்டியலைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார், வரும்போதெல்லாம் பி.பி. பார்க்கிறார். முட்டி வலிதான் இன்னும் தீரவில்லை. பாராசிட்டமால் போட்டால் பாதி குறைகிறது. "அந்தப் பழைய மாத்திரை ஒண்ணே ஒண்ணு" என்று அம்மா அவ்வப்போது கேட்கிறார். அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் போகிறோம். மெடிக்கல்காரரிடம் அம்மாவுக்கு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.