மாமாவின் பால் கணக்கு நோட்டு

சூழலியலும் பேரிடர்களும் பற்றிய ஒரு மாநாட்டுக்குப் போன வருஷம் ஆய்வுச் சுருக்கம் அனுப்பினேன். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் சாய்த்த, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் எப்படி மீண்டன என்பதுதான் பொருள். மூன்று வாரத்தில் நடுவரின் கேள்வி வந்தது: "புயலுக்கு முன் தோட்டம் எப்படி இருந்தது? அது தெரியாமல் மீண்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

என்னிடம் இருந்த அளவெல்லாம் புயலுக்குப் பிந்தியவை. செயற்கைக்கோள் படத்தைத் தேடினேன். ரப்பரும் அயனியும் பலாவும் அதில் ஒரே பச்சை. போதாததற்கு, டிசம்பர் கடைசி முதல் ரப்பர் தானாகவே இலை உதிர்க்கும். ஜனவரிப் படத்தை எடுத்தால் இலையுதிர்வைப் புயல் சேதம் என்று எண்ணிவிடுவோம். இதே வேலையில் இறங்குகிறவர்கள் ஒரே மாதத்துப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கடைசியில் மாமாவிடம் போனேன். "எதுக்கு மக்களே இந்தப் பழைய நோட்டு? பாதி கரையான் தின்னாச்சு" என்றபடி ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையிலிருந்து எடுத்துத் தந்தார். ரப்பர் பால் பட்டு ஒட்டிப்போன தாள்களை ஈரத்துணி வைத்துப் பிரித்தேன். தினமும் பாலெடுக்க எத்தனை மரத்தில் வெட்டு, எவ்வளவு பால், மழையா வெயிலா, எல்லாம் இருந்தது. நவம்பர் 30-ல் "காற்று" என்று மட்டும் எழுதியிருந்தார். அதன் பிறகு பல பக்கம் வெறுமை. பிறகு வாழைக்கன்று, கைதச்சக்கை (அன்னாசி) கணக்கு.

அந்தப் பக்கங்கள் என் தலைப்பையே மாற்றின. பழைய நிலைக்குத் திரும்பும் வேகம் வேறு, அடியைத் தாங்கி மாறியும் குலையாமல் நிற்கும் திறன் வேறு என்று 1973-லேயே சூழலியலாளர் ஹாலிங் பிரித்துக் காட்டியிருக்கிறார். புது ரப்பர் கன்று பால் வெட்டுக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை மாமாவின் குடும்பத்தைத் தாங்கியது இடையில் நட்ட வாழையும் கைதச்சக்கையும். 'மீண்டது' என்ற சொல்லை எடுத்துவிட்டுத் திருத்தி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

மாநாட்டுக் கட்டணத்தில் சலுகை கேட்டு மின்னஞ்சல் போட்டேன், பாதி குறைத்தார்கள். தயங்காமல் கேளுங்கள். அங்கே ஆய்வை விளக்கி மாட்டும் போஸ்டரைத் துணியில் அச்சடித்தால் மடித்துப் பைக்குள் வைத்து ரயிலில் கொண்டுபோகலாம்.

மாநாட்டில் என் போஸ்டரைப் பார்க்க வந்தவர்களில் பலர் என் வரைபடங்களைத் தாண்டி, அந்தக் "காற்று" பக்கத்தின் புகைப்படத்தின் முன் நின்றார்கள். அன்றிரவு மாமாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நோட்டைப் பத்திரமா கொண்டு வா மக்களே, பின்பக்கத்துல கைதச்சக்கை பாக்கி எழுதிப் போட்டிருக்கேன்" என்றார்.