டெங்கு வார்டில் நாடி பார்ப்பது

ஐப்பசி மழை பிடித்தால் மதுரையில் டெங்கு வார்டுகள் நிரம்பிவிடும். வீட்டார் ஓயாமல் கேட்பது தட்டணு எத்தனை என்று. நாங்கள் நாடியையும் விடாமல் எண்ணுவோம்.

காய்ச்சல் விட்டபின் துடிப்பு 50, சிலருக்கு 45 வரை இறங்கும். கை கதகதப்பாக இருந்து, பிரஷரும் சிறுநீரும் சரியாக இருந்தால் ஈசிஜி எடுத்துவிட்டுக் கவனித்து வந்தாலே போதும், பெரும்பாலும் தானாகச் சரியாகும். மயக்கமோ ஹார்ட் பிளாக்கோ (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சைகை தடைபடுவது) இருந்தால் உடனே ஐசியு. காய்ச்சல் விட்டும் துடிப்பு ஏறுகிறது, கால் சில்லிடுகிறது, மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் வித்தியாசம் 20க்கு வந்துவிட்டது என்றால், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ஷாக் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை) வருகிறது. அப்போது துடிப்பைக் குறைக்கும் மருந்தைத் தொடவே கூடாது.

குளிர் நடுக்கத்தில் எடுத்த ஈசிஜி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறை தாறுமாறாகத் துடிப்பது) மாதிரியே இருக்கும். மணிக்கட்டில் விரல் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். நடுக்கம் அடங்கியதும், வியர்வையைத் துடைத்து மறுபடி எடுங்கள்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, வாந்திக்கு ஒன்டான்செட்ரான் ஊசியும் போட்டிருப்பார்கள். இரண்டுமே கியூடி இடைவெளியை, அதாவது இதயக் கீழறை ஒரு துடிப்புக்கு மின்னூட்டம் பெற்று மீள எடுக்கும் நேரத்தை, நீட்டும். வாந்தியில் பொட்டாசியமும் போயிருக்கும். "என்ன மாத்திரைம்மா போட்டீங்க?" என்றால் "காய்ச்சல் மாத்திரை" என்றுதான் பதில் வரும். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்ப்பதே உத்தமம்.

கியூடியைக் கையால் அளப்பது நல்லது. ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். துடிப்பு 120, கியூடி 8 கட்டம், அதாவது 320 என்று வையுங்கள்: துடிப்பின் வேகத்துக்கேற்பக் கியூடியைத் திருத்தும் சூத்திரங்களில் பாஸட் சூத்திரப்படி 450ஐத் தாண்டும், ஃபிரிடெரிசியா சூத்திரப்படி 400 சொச்சம்தான். வேகமான துடிப்பில் பாஸட் கூட்டித்தான் காட்டும். திருத்திய கணக்கே 500ஐத் தாண்டினால் அந்த மருந்துகளை நிறுத்தி, ரத்தத்தில் பொட்டாசியத்தை லிட்டருக்கு 4 மில்லிஈக்விவலன்ட்டுக்கு (உப்புகளை அளக்கும் அலகு) மேலும் மக்னீசியத்தை டெசிலிட்டருக்கு 2 மி.கி.க்கு மேலும் கொண்டுவர வேண்டும்.

கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும் கட்டமென்றால், வாந்தி நின்றவருக்குப் பொட்டாசியம் சிரப்பே மேல். திரும்பும் நீரோடு டிரிப்ஸும் சேர்ந்தால் மூச்சுத்திணறலில் கொண்டுவிடும். ஏற்றியே ஆக வேண்டுமானால், சிறுநீர் போகிறதா என்று பார்த்துவிட்டு, 20 மில்லிஈக்விவலன்ட் பொட்டாசியம் உள்ள 10 மி.லி. ஆம்பூலை 500 மி.லி. சலைனில் கலந்து 2 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். தொங்குகிற பாட்டிலில் குத்தினால் மருந்து அடியில் தங்கி மொத்தமாக முதலில் இறங்கும், இதயமே நின்றுவிடலாம். பாட்டிலை இறக்கி, பத்துத் தடவையாவது கவிழ்த்துக் கலக்கிய பிறகே மாட்ட வேண்டும். அப்படியும் பொட்டாசியம் அளவு ஏறவில்லையென்றால் மக்னீசியத்தைப் பாருங்கள்.

மானிட்டரில் அலைகள் முறுக்கிக்கொண்டு ஓடினால் டார்சாட், கியூடி நீண்டால் வரும் ஆபத்தான வேகத் துடிப்பு. நாடி இருந்தால் 2 கிராம் மக்னீசியம் சல்ஃபேட்டை 10 நிமிடத்தில் ஏற்றுவோம். நாடி இல்லையென்றால் முதலில் டிஃபிப்ரிலேட்டர் கருவியால் மின் ஷாக்.