ஒரே பஸ்ஸில் சாட்சியும் எதிரியும்

நீலகிரியில் பந்தலூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று சொல்லப் போவதில்லை, வழக்கு இன்னும் முடியவில்லை. பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணை அவள் புருஷன், தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியதைப் பைப்படியில் குடத்தோடு நின்ற என் மாமியார் பார்த்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அத்தை அரசுத் தரப்பில் மூன்றாவது சாட்சி ஆனார்.

விசாரணை ஊட்டியில். கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக 70 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை பஸ்ஸை விட்டால் கோர்ட் கூடும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஜாமீனில் வந்த எதிரிக்கும் (வெட்டிய புருஷனைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்) அவன் அண்ணன் தம்பிகளுக்கும் அதே பஸ்தான். முதல் வாய்தாவுக்குப் போனபோது அவர்கள் எங்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. "பெரியம்மா, பேரன் எந்த ஸ்கூலு, சாயந்திரம் தனியாவா வர்றான்?" என்று அண்ணன்காரன் கேட்டான். அவ்வளவுதான். கோர்ட்டிலும் ஒரே வராந்தா, ஒரே பெஞ்சு. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா. திரும்பி வரவும் அதே பஸ்.

இரண்டாவது வாய்தாவும் இப்படியே போனது. அதற்குள், வெட்டைப் பார்த்த மற்ற இருவர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி, பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள். லைனில் தண்ணீர் பிடிக்கும் முறையில் நாங்கள் கடைசிக்குத் தள்ளப்பட்டோம். ஒரு ராத்திரி அத்தை சொன்னார்: "இருட்டுல சரியாத் தெரியலன்னு சொல்லிட்டு வந்துடறேன்." நான் அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். பேரனை நினைத்து எனக்கும் அதே யோசனைதான் ஓடியது.

இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர் எங்கள் பக்கம் முகாமுக்கு வந்திருந்தபோது தற்செயலாக இதைச் சொன்னேன். அவர்தான் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018 என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். அந்த வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மகேந்தர் சாவ்லா வழக்கில் அதை ஏற்று, நாடு முழுக்கச் சட்டமாகவே செல்லும் என்று சொல்லிவிட்டது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு. அதில் மாவட்டக் காவல்துறைத் தலைவரும் அரசு வழக்கு நடத்தும் பிரிவின் தலைவரும் உண்டு. சாட்சியே மனு கொடுக்கலாம், வீட்டார் கொடுக்கலாம், வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரியும் கொடுக்கலாம். என்ன கேட்கலாம் என்ற பட்டியலை அவர் போனில் படித்துக் காட்டினார். கேமரா, கதவு, ரோந்து, தற்காலிகமாக வேறு இடத்தில் தங்குவது என்று வரிசையாகப் போய், நடுவில் ஒரு வரி: சாட்சி சொல்லும் நாளில் போலீஸ் துணையும் அரசு வண்டியும். "அதைத் திரும்பப் படிங்க சார்" என்றேன்.

முதல் மனுவைக் கெடுத்தது நான்தான். "உயிருக்குப் பயமாக இருக்கிறது, தக்க பாதுகாப்பு வேண்டும்" என்று எழுதிக் கொண்டுபோனேன். அரசு வழக்கறிஞர் பார்த்துவிட்டு, "என்னிக்கு, யார், எந்த வார்த்தை சொன்னாங்க? அப்ப பக்கத்துல யாரு?" என்று கேட்டார். திரும்ப எழுதினோம். பஸ் ஏறிய தேதி, பின் சீட்டுக் கேள்வி, பைப்படி விவகாரம் எல்லாம். மிரட்டிப் பொய் சாட்சி சொல்ல வைப்பதே தனிக் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 232-ஆம் பிரிவில் 7 வருஷம் வரை சிறை உண்டு என்றும் அன்றுதான் தெரிந்தது. அண்ணன்காரன் கேட்ட கேள்வி அதில் வருமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, "தேதியோட எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து, மிரட்டல் எவ்வளவு நிஜம் என்று டி.எஸ்.பி. அறிக்கை தர வேண்டும், 5 வேலை நாளுக்குள். அதற்காக விசாரிக்க வந்தவர்கள் யூனிஃபார்மோடு ஜீப்பில் நேராக லைன் வாசலுக்கே வந்து, அத்தை பெயரைச் சத்தமாகக் கேட்டார்கள். ரகசியம் காக்க வேண்டிய விசாரணை! அரை மணியில் டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் இதில்தான். உங்களுக்கு இப்படி நேர்ந்தால், வேறு இடத்துக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உத்தரவு வந்தது. வண்டி, கோர்ட்டில் தனி அறை, நடுவில் திரை, அத்தையோடு நான் உள்ளே இருக்க அனுமதி, 3 மாதம் ரோந்து.

சாட்சி சொல்லும் நாளன்று இருட்டோடு ஒரு கார் வந்தது. மஃப்டியில் ஒரு பெண் போலீஸ். அத்தைக்குக் கார் பழக்கமில்லை, நடுவட்டம் வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி. "பஸ்ஸே தேவலாம்டி" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

திரை என்றால் ஏதோ கண்ணாடி என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கட்டிலை மறைப்பார்களே, அந்தத் துணித் தட்டிதான். எதிரியால் அத்தையைப் பார்க்க முடியாது, நீதிபதியும் வக்கீல்களும் பார்க்கலாம். தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் இருமினான். அத்தையின் கை என் முந்தானையைப் பிடித்தது. லைன் வீட்டுச் சுவர் வழியாக வருஷக்கணக்காகக் கேட்ட இருமல் அது, துணியா மறைக்கும்?

எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே: வாயைத் திறக்கக் கூடாது, தலைகூட ஆட்டக் கூடாது. அதனால் மடியில் கை வைத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரியை அடையாளம் காட்ட மட்டும் தட்டியை விலக்குவார்கள் என்று அரசு வழக்கறிஞர் காலையிலேயே சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று. விலக்கினார்கள். "அவன்தாங்க" என்றார் அத்தை. மறுபடி மூடினார்கள்.

குறுக்கு விசாரணை முக்கால் மணி நேரம். கண்புரை, வெளிச்சம், பொழுது சாய்ந்த நேரம் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார் வக்கீல். எத்தனை அடி தூரம் என்றதற்கு, "பைப்புக்கும் அவங்க வாசப்படிக்கும் எவ்வளவோ அவ்வளவு" என்று பதில். அடிக்கணக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவர் குரலை உயர்த்த, நீதிபதி நிறுத்தி, "இங்கிருந்து எது வரைக்கும்மா?" என்று கேட்டார். அத்தை ஜன்னலைக் காட்டினார். எழுதிக்கொண்டார்கள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடிக்க விட்டார்கள். கடைசியில் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியபோது, குடம் இடுப்பில் இருந்தது என்று வந்திருந்தது. "இடுப்புல இல்ல, கீழ வச்சிருந்தேன்" என்று அத்தை சொல்ல, திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. பாதுகாப்பு உத்தரவு ஒரு தடவைக்கு 3 மாதம்தான், முடிய 9 நாள் இருக்கிறது. நீட்டிக்கச் சொல்லி இரண்டாவது மனுவைத் தேதியோடு எழுதிக் கொடுத்தாயிற்று. இப்போது பின் சீட்டிலிருந்து யாரும் பேரனைப் பற்றி விசாரிப்பதில்லை. பைப்படியில் மட்டும் நாங்கள் இன்னும் கடைசி.